பாக்கெட் மசாலா: லேபிளில் பூண்டு இல்லை, வயிறு மட்டும் ஏன் உப்புகிறது?

கேள்வி: சந்தேகமான உணவுகளைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கும் எலிமினேஷன் டயட்டில் இது இரண்டாவது வாரம். வெங்காயம், பூண்டு, கோதுமை மூன்றையும் நிறுத்தியதும் வயிறு உப்புசம் நன்றாகக் குறைந்தது. மூன்று நாள் முன்பு வெறும் கோழிக்கறியில் ஒரு மசாலாக் கலவையைத் தூவிச் சமைத்தேன். அன்று இரவே பழையபடி ஆகிவிட்டது. லேபிளில் பூண்டு என்ற சொல்லே இல்லை, படம் அனுப்பியிருக்கிறேன். வீட்டில் இருக்கும் பாக்கெட்டுகளை எப்படிச் சரிபார்ப்பது? எல்லாவற்றையும் தூக்கிப் போட்டுவிட வேண்டுமா?

பதில்: தூக்கிப் போட வேண்டாம், ஆனால் இன்னும் சில வாரத்துக்கு அவற்றைத் தொடவும் வேண்டாம். உங்கள் லேபிளில் இருப்பது இது: உப்பு, மால்டோடெக்ஸ்ட்ரின், மசாலாக்கள், ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட், இயற்கைச் சுவையூட்டி, 551. எடை அதிகமானது முதலில் வரும் என்பதால் நீங்கள் காசு கொடுத்து வாங்கியது பெரும்பாலும் உப்பு, அது போகட்டும். கடைசியில் நிற்கும் 551-ஐப் பார்த்துத்தான் நிறையப் பேர் பயப்படுகிறார்கள். அது பொடி கட்டி தட்டாமல் இருக்கச் சேர்க்கும் சிலிக்கான் டை ஆக்சைடு, உங்கள் உப்புசத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் ஒரு பொடி, அதன் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை.

என் சந்தேகம் 'மசாலாக்கள்', 'இயற்கைச் சுவையூட்டி' என்ற இரண்டு சாதுவான சொற்கள் மேல்தான். பல நாடுகளின் விதிகள் மசாலாக்களைப் பெயர் பெயராகச் சொல்லாமல் ஒரே சொல்லில் முடித்துக்கொள்ள விடுகின்றன. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் விதிப்படி வெங்காயத்தையும் பூண்டையும் அந்தச் சொல்லுக்குள் அடக்க முடியாது, தனியாக எழுதியாக வேண்டும். ஆனால் கையில் இருக்கும் பாக்கெட் எந்த நாட்டு விதிப்படி அச்சானது என்று கடையில் நின்றுகொண்டு ஆராய யாருக்கு முடியும்? சுவையூட்டி விஷயம் இன்னும் மோசம், பூண்டுச் சாறும் வெங்காயச் சாறும் அதற்குள் தாராளமாக வரலாம், அதுவும் 'இயற்கை'தானே! பூண்டில் உங்களைப் படுத்துவது ஃப்ரக்டான் என்ற ஒருவகை நார். பூண்டை உலர்த்திப் பொடியாக்கும்போது தண்ணீர் மட்டும் போகிறது, ஃப்ரக்டான் அப்படியே தங்கிவிடுகிறது. அதனால் ஒரு சிட்டிகைப் பொடிகூட நீங்கள் நினைப்பதைவிட அதிகம்.

ஒவ்வாமைப் பட்டியல் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். தடித்த எழுத்தில் போடும் அந்தப் பட்டியலில் வேர்க்கடலை, பால், முட்டை, கோதுமை மாதிரியானவை வரும், பூண்டும் வெங்காயமும் வராது. அது ஒவ்வாமை உள்ளவர்களுக்காக வந்தது, உங்களை மாதிரி ஒத்துக்கொள்ளாதவர்களை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. ஒருமுறை நானே ஒரு நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டேன். மூன்று வாரம் கழித்து "எங்கள் தயாரிப்புகள் எல்லா விதிகளுக்கும் உட்பட்டவை" என்று பதில் வந்தது. சரி, நான் கேட்டது அதையா? நீங்கள் எழுதினால் "இதில் பூண்டோ வெங்காயமோ எந்த வடிவத்திலாவது இருக்கிறதா, ஆம் அல்லது இல்லை" என்று ஒரே வரியில் கேளுங்கள். மழுப்பினால் 'ஆம்' என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது ரொம்ப எளிது. பெயர் சொல்லாத பாக்கெட் வேண்டாம். மிளகு, சீரகம், மஞ்சள் என்று தனித்தனியாக, முடிந்தால் முழுசாக வாங்கி வீட்டிலேயே பொடித்துக்கொள்ளுங்கள். முழு மிளகில் பூண்டுப் பொடியை ஒளித்துவைக்க முடியாது. பொடியில் முடியும்: 2014 கடைசியிலும் 2015-லும் அமெரிக்காவில் சீரகப் பொடியில் லேபிளில் சொல்லாத வேர்க்கடலைப் புரதம் இருந்தது தெரிந்து, அதைச் சேர்த்த ஏராளமான பொருட்களைத் திரும்பப் பெற்றார்கள்.

ஒரே ஒரு பொருளைப் பற்றி மட்டும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பூண்டை விட்டவர்கள் எல்லாரும் போய் நிற்பது அங்கேதான். பூண்டு வாசனைக்குப் பதிலாகப் பெருங்காயம் போடச் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மாவு கலந்திருக்கும், பல நேரம் கோதுமை மாவு. அப்படியானால் கூடாதா? கோதுமை மாவிலும் ஃப்ரக்டான் உண்டு, ஆனால் ஒரு சிட்டிகைப் பெருங்காயத்தில் வரும் மாவு உங்களை ஒன்றும் செய்யாது, போடலாம். சீலியாக் நோய் (கோதுமையில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ளவருக்கு அதே சிட்டிகை ஆகாது, அவர் அரிசி மாவு சேர்த்ததாகத் தேடி வாங்க வேண்டும். கோதுமையை எதற்காக நிறுத்தினோம் என்பதைப் பொறுத்து ஒரே டப்பா ஒருவருக்கு ஆகும், இன்னொருவருக்கு ஆகாது. சீலியாக் சோதனை செய்யாமலேயே கோதுமையை விட்டிருந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள், விட்ட பிறகு எடுக்கும் சோதனையில் நோய் தெரியாமல் போகலாம்.

இந்த நேரம் பார்த்து உங்களிடம் ஒருவர் வருவார். ஒரு சொட்டு ரத்தம் கொடுத்தால் நூறு உணவுக்கு ஐஜிஜி பரிசோதனை செய்து எது ஆகாது என்று சிவப்பு, பச்சையில் அட்டவணை தருவதாகச் சொல்வார். அப்புறம் அந்த அட்டவணைக்குப் பொருத்தமாக அவரிடமே ஒரு 'பாதுகாப்பான' மசாலாப் பொடியும் இருக்கும்! ஐஜிஜி என்பது ரத்தத்தில் உள்ள ஒருவகை எதிர்ப்புப் புரதம், நீங்கள் அந்த உணவைச் சாப்பிட்டிருக்கிறீர்கள் என்பதற்கான அடையாளம், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவர்களின் அமைப்பு 2008-லேயே, உணவு ஒத்துக்கொள்ளாமையைக் கண்டுபிடிக்க ஐஜிஜியில் ஒரு வகையான ஐஜிஜி4 சோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள், தடுக்க ஆளில்லை.

உதடு வீங்குவது, மூச்சு இழுப்பது மாதிரி ஏதாவது இருந்தால் நான் சொன்ன எதுவும் உங்களுக்குப் பொருந்தாது, உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

அந்தப் பாக்கெட்டை மூடி, வீட்டில் மற்றவர்களுக்கு விட்டுவிடுங்கள். மறுபடி சேர்த்துப் பார்க்கும் கட்டம் வரும்போது அதை வைத்துச் சோதிக்காதீர்கள், அதில் எது படுத்தியது என்று கடைசிவரை தெரியாது. பூண்டைத் தனியாக, கொஞ்சமாக, வேறு எதையும் புதிதாகச் சேர்க்காத நாளில் சாப்பிட்டுப் பாருங்கள். அது ஒத்துக்கொண்டால் பாக்கெட்டை மறுபடி எடுக்கலாம். புதிதாக வாங்கினால் மட்டும் பின்பக்கத்தை இன்னொரு முறை படியுங்கள், பெயரையும் படத்தையும் மாற்றாமலே உள்ளே இருப்பதை மாற்றிவிடுகிறார்கள்.