பிறபொருளெதிரி ஆய்வுக்குப் போக விரும்பும் மகளுக்கு எந்தப் பட்டம்?

அம்மா, குருதி உறைதல் புரதங்களுக்கு எதிரான பிறபொருளெதிரிகளை (குறித்த ஒரு பொருளை அடையாளம் கண்டு ஒட்டும் நோயெதிர்ப்புப் புரதங்களை) பற்றிப் படிக்க வேண்டும் என்று மகள் சொல்வதை, மருத்துவ அனுமதிக்கு உயர்தர இசட் புள்ளி போதாததால் வந்த பேச்சு என்று தள்ளிவிடாதீர்கள். அந்த வேலை என்னவென்று முதலில் பாருங்கள்.

குருதி உறைய உதவும் புரதங்களில் ஒன்றான ஒன்பதாம் காரணியை எடுத்துக்கொள்வோம். குருதி எளிதில் உறையாத ஹீமோபீலியா பி நோயாளரிடம் குறைவது இதுதான். தூய்மையாக்கிய புரதத்தைச் சுண்டெலிக்கு இரண்டு மூன்று வார இடைவெளியில் சில தடவை ஏற்றுவார்கள். கடைசி ஊசிக்கு மூன்று நாள் கழித்து பிறபொருளெதிரி சுரக்கும் மண்ணீரல் கலங்களை எடுத்து, ஓயாமல் பெருகும் மைலோமா என்ற புற்றுநோய்க் கலங்களுடன் இணைப்பார்கள். 1975இல் கோலரும் மில்ஸ்டைனும் காட்டிய வழி இது. இரண்டு வாரமளவில் வளர்ப்புத் தட்டின் குழிகளில் கலத்திரள்கள் தெரியும். அவற்றை ஒரு குழிக்கு ஒரு கலத்துக்கும் குறைவாக விழும்படி ஐதாக்கிப் பிரிக்க வேண்டும். தாமதித்தால் எதுவும் சுரக்காத கலங்கள் வேகமாகப் பெருகி, நல்ல கலத்தை அமுக்கிவிடும்.

பிள்ளையின் நேரத்தில் பெரும்பகுதி போவது சோதனையில். பிறபொருளெதிரி ஒட்டியதை நிறமாற்றத்தால் காட்டும் எலைசா சோதனையின் தட்டில் மில்லிலீற்றருக்கு 1 அல்லது 2 மைக்ரோகிராம் புரதத்தை, பீஎச் 9.6 காபனேற்றுத் தாங்கற்கரைசலில், 4 பாகை செல்சியசில் இரவு முழுவதும் படியவிடுவார்கள். மறுநாள் நிறம் வந்துவிட்டது என்று மகிழ முடியாது. தட்டின் வெற்றிடங்களை மூடப் பூசிய அல்புமின் புரதத்திலேயே பிறபொருளெதிரி ஒட்டியிருக்கலாம்; அதனால் காரணி பூசாத குழிகளும் பக்கத்தில் வேண்டும். குருதியிலுள்ள வேறு புரதங்களான பத்தாம் காரணி, புரோத்துரொம்பின், புரதம் சி ஆகியவற்றின் ஒரு பகுதி ஒன்பதாம் காரணியை ஒத்திருப்பதால் அவற்றையும் வைத்துப் பார்க்க வேண்டும். சில பிறபொருளெதிரிகள் கல்சியம் பிணைந்த வடிவத்தை மட்டுமே அடையாளம் காணும். கழுவும் கரைசலில் கல்சியத்தைப் பிடித்துவிடும் ஈடீரீஏ இருந்தால் அருமையான ஒன்று 'இல்லை' என்று போய்விடும்.

ஒட்டுவது வேறு, உறைதலைத் தடுப்பது வேறு. தடுப்பை அறிய, சாதாரண பிளாஸ்மாவுடன் கலந்து 37 பாகையில் இரண்டு மணிநேரம் வைத்து, மிஞ்சிய காரணிச் செயற்பாட்டை அளப்பார்கள். பாதி மிஞ்சினால் அது ஒரு பெதெஸ்டா அலகு; தடுப்பின் வலிமையைச் சொல்லும் அளவு இது. இங்கே குருதி எடுத்த குழாயே ஏமாற்றும்: அதில் குருதி உறையாமல் வைக்கும் 3.2 சதவீத சித்திரேற்று ஒரு பங்குக்குக் குருதி ஒன்பது பங்கு இருக்க வேண்டும். குழாய் நிரம்பாவிட்டால் மிகுதிச் சித்திரேற்று கல்சியத்தைப் பிடித்து உறைநேரத்தை நீட்டும். பிறபொருளெதிரிதான் தடுத்தது என்று பிழையாக எழுதிவிடுவோம்.

இந்தச் சந்தேக புத்தி பிள்ளைக்குப் பிடிக்குமென்றால், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானப் பட்டத்தை மருத்துவத்துக்கு அடுத்த விருப்பமாகத் தயங்காமல் போடுங்கள். நான்கு வருடம். குருதியியலும் நோயெதிர்ப்பியலும் கைப்பயிற்சியோடு வரும். உறைதல் சோதனை செய்யாத பெரிய வைத்தியசாலை கிடையாது. பிறபொருளெதிரி உருவாக்கும் வேலை யாழ்ப்பாணத்திலேயே கிடைக்குமென்று மட்டும் நம்பிப் படிக்க வேண்டாம். அதற்கு மூலக்கூற்று உயிரியலில் பட்டமேற்படிப்பு வேண்டும்; கொழும்புப் பல்கலைக்கழகத்தில் அதற்கென ஒரு நிறுவகம் இருக்கிறது. வெளிநாடும் போக வேண்டி வரலாம்.

சுண்டெலி ஒவ்வாமை இந்தத் தொழிலில் உண்மையான பிரச்சினை. மகளுக்கு இழுப்பு இருந்தால் வைத்தியரிடம் இப்போதே கேளுங்கள். ஐதாக்கல் கணக்கில் தடுமாறுகிறாளா என்பதையும் பாருங்கள். உயர்தர இரசாயனவியல் கணக்குகளே அதற்குப் போதுமான பயிற்சி.