சாப்பாட்டு மேசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: மாந்தோப்புக்குள் பத்துப் பேர் உட்காரும் ஸ்காண்டிநேவிய பாணி உணவகம் நடத்துகிறோம். ஸ்வீடன்காரர்களின் 1-2-3 கணக்குப்படி ஒரு பங்கு வினிகர், இரண்டு பங்கு சர்க்கரை, மூன்று பங்கு தண்ணீரில் வெள்ளரி ஊறவைத்தால் பாயசம் மாதிரி இனிக்கிறது, நாலாம் நாள் நுரைக்கிறது. எங்கே தப்பு?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: கணக்கு சரி, வினிகர்தான் வேறு. அங்கே 'எட்டிக்கா' என்று விற்பது 12 சதவீதப் புளிப்பு. நம் மளிகைக் கடை பாட்டிலில் பெரும்பாலும் 4 சதவீதம்தான், லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். இதையும் மூன்று பங்கு தண்ணீரில் கலந்தால் 1 சதவீதம்தான் மிஞ்சும். கெடாமல் என்ன செய்யும்?

300 மில்லி வினிகர், 100 மில்லி தண்ணீர், 170 கிராம் சர்க்கரை. அவர்கள் புளிப்பு அப்படியே கிடைத்துவிடும். சர்க்கரை கரையும்வரை சூடாக்கி, நன்றாக ஆறிய பிறகே ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் வெள்ளரி துவண்டுவிடும். பாத்திரம் கண்ணாடியோ பீங்கானோ. அலுமினியம், பித்தளை வேண்டாம்.

அதற்கு முன் ஒரு வேலை. அரைக் கிலோ வெள்ளரியைக் காகிதம்போல் சீவி, ஒரு தேக்கரண்டி உப்புப் பிசறி, மேலே தட்டு வைத்து அம்மிக் குழவியை ஏற்றி அரை மணி நேரம் விடுங்கள். வடிந்த நீரைப் பிழிந்து கொட்டிவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் காயின் நீரே வினிகரை நீர்க்க வைத்துவிடும். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இதில் சேர்க்கும் டில் என்ற வாசனைக் கீரையைத் தேடி பெங்களூர் போக வேண்டாம். ஓசூர் சந்தையில் சப்பசிகே என்று கட்டுக் கட்டாக விற்கும் சதகுப்பைக் கீரைதான் அது. வாசனை கொஞ்சம் தூக்கல், அளவைக் குறைத்துப் போடுங்கள்.

கேள்வி: டென்மார்க்கின் திறந்த சாண்ட்விச்சுக்குக் ரை என்ற தானியத்தில் சுடும் கரும்பழுப்பு ரொட்டி கிடைக்கவில்லை. ராகியில் சுட்டால் உதிர்கிறது.
– வாசகர், பாலக்கோடு

பதில்: ரை மாவில் நீரை இழுத்துப் பிடிக்கும் பசை உண்டு. ராகியில் அதுவும் இல்லை, மாவைச் சேர்த்துப் பிடிக்கும் குளூட்டன் என்ற புரதமும் இல்லை. ஆகவே ராகி 300 கிராம், மைதா 700 கிராம். ராகியில் மட்டும் 600 மில்லி கொதிநீர் ஊற்றிக் கட்டியில்லாமல் கிளறுங்கள் (தர்மபுரிக்காரருக்குக் களி கிண்ட நான் சொல்லித்தருவதா!). கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மைதா, 20 கிராம் உப்பு, 10 கிராம் ஈஸ்ட் சேர்த்துப் பிசையுங்கள். இறுகினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர். சூட்டோடு போட்டால் ஈஸ்ட் செத்துவிடும். சுட்ட அன்றே அறுத்தால் கத்தியில் ஒட்டும், மறுநாள் அறுங்கள். வெண்ணெயை விளிம்புவரை தடவுங்கள். மேலே வைக்கும் மீன், ஊறிய காயின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுப்பது அதுதான். பரிமாறும் நேரத்தில்தான் அடுக்க வேண்டும்.

கேள்வி: அமைதிக்காகத்தான் ஊருக்கு வெளியே உணவகம் கட்டினோம். நாலு பேர் பேசினாலே கல்யாண மண்டபம்போல் எதிரொலிக்கிறது.
– வாசகர், பர்கூர்

பதில்: உங்கள் ஊர் கிரானைட் தரையும் வெற்றுச் சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கின்றன. கூரைக்கடியில் 5 சென்டிமீட்டர் கனத்தில் ராக்வூல் (கல்லை உருக்கி இழைத்த பஞ்சு) பலகை, நாற்காலிக் கால்களுக்குக் கம்பளித் துண்டு. முட்டைத் தட்டு ஒட்டுவது வீண் வேலை.

கேள்வி: பச்சை மீனை வேகவைக்காமல் உப்பு, சர்க்கரை, டில்லில் ஊறவைக்கும் கிராவ்லாக்ஸை கிருஷ்ணகிரி அணைக் கெண்டையில் போடலாமா?
– வாசகி, ஊத்தங்கரை

பதில்: கூடாது. உப்பும் சர்க்கரையும் நன்னீர் மீனின் புழுக்களைக் கொல்லாது. அதே சதகுப்பையோடு ஆவியில் வேகவையுங்கள்.