டிஐடி உள்ள ஒருவர் வேலைக்குப் போகவும் குடும்பம் நடத்தவும் முடியுமா?

உங்கள் தங்கைக்கு டிஸ்ஸோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர் (டிஐடி), அதாவது ஒரே ஆளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமைகள் மாறிமாறி வரும் நோய், என்று மருத்துவர் சொல்லியிருப்பதாகவும், அவர் வேலைக்குப் போகலாமா, வீட்டில் உள்ளவர்கள் அவரிடம் எப்படி நடந்துகொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். அதே நோயுடன், பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் ஒரு பால் சொசைட்டியில் 11 ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவருபவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். வேலைக்குப் போகலாம். ஆனால் அந்த வேலையில் எது கடினம் என்பதைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் நினைப்பது பெரும்பாலும் தவறாக இருக்கிறது.

சினிமாவில் காட்டுவதுபோல் கண்கள் உருண்டு குரல் மாறுகிற காட்சி என் வீட்டில் நடப்பதில்லை. ஒருத்தி போய் இன்னொருத்தி வருவது பல சமயம் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே தெரியாது. 1994 வரை அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு இதைப் பல ஆளுமைக் கோளாறு என்றே அழைத்தது. பெயர் மாறிய பிறகும் மக்கள் மனத்தில் அந்தப் பழைய பெயர்தான் நிற்கிறது. அதனால் எத்தனை பேர் உள்ளே இருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வியாக வருகிறது. அன்றாட வாழ்க்கையில் ஆளைத் தடுக்கி விழவைப்பதோ நினைவில் விழும் ஓட்டை. நேற்று மாலை நான்கு மணியிலிருந்து ஏழு மணிவரை நான் எங்கே இருந்தேன், யாரிடம் என்ன பேசினேன் என்பது சுத்தமாக இல்லாமல் போய்விடும். மனச்சிதைவு என்கிற ஸ்கிஸோஃப்ரினியா வேறு நோய். என்னுடையது பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில் நெடுநாள் நடந்த கொடுமையிலிருந்து வருவது. என் விஷயத்தில் அது என்ன என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

நோய் இன்னதென்று தெரியாத காலத்தில் நான் பழகிக்கொண்டது மழுப்பல். "நேத்து நீங்கதானுங்க சொன்னீங்க, தீவன மூட்டை கடனுக்குத் தர்றேன்னு" என்று ஒருவர் வந்து நிற்பார். எனக்கு அந்த நேற்றே இருக்காது. "ஆமாங்க, பார்க்கலாமுங்க" என்று சிரித்துச் சமாளித்துவிட்டு, பதிவேட்டைப் புரட்டினால் என் இருக்கையில் உட்கார்ந்து என் பேனாவால் மலையாளத்தில் எழுதிய வரி ஒன்று இருக்கும். நான் தமிழ் மீடியத்தில் படித்தவள், கணக்கைத் தவிர மற்றதைத் தமிழில்தான் எழுதுவேன். இப்படி ஆண்டுக்கணக்கில் ஆமாம் போட்டு வாழ்ந்தவர்கள் நோயை மறைப்பதில் அபாரத் தேர்ச்சி பெற்றுவிடுகிறோம். எனக்கு முதலில் மனச்சோர்வு என்றும் பிறகு மனநிலை ஏறியும் இறங்கியும் மாறுகிற பைபோலார் என்றும் சொன்ன மருத்துவர்கள்மீது வருத்தம் இருந்தாலும், அவர்களிடமும் நான் அதே மழுப்பலைத்தான் செய்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2018இல் கோயமுத்தூரில் ஒரு மருத்துவர் நோயைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, எனக்கு உடனே கிடைத்த நிம்மதி "அது நான் இல்லை" என்று சொல்லிவிடலாம் என்பதுதான். சில மாதம் சொல்லியும் பார்த்தேன். அந்தத் தீவன மூட்டைக்காரர் பாவம், அவருக்கு யாரிடம் போய்க் கேட்பது என்று தெரியவில்லை. உள்ளே யார் கொடுத்த வாக்காக இருந்தாலும் அது என் வாக்கு என்று முடிவெடுத்து, அந்த மூட்டைக்கு என் சம்பளத்திலிருந்து கட்டினேன். சிகிச்சை தருபவரும் அதையே வலியுறுத்துகிறார்: எந்தப் பகுதி செய்தாலும் பொறுப்பு முழு ஆளுக்கும் உண்டு. இது தண்டனைபோலத் தோன்றலாம். என் அனுபவத்தில் உள்ளே இருப்பவர்கள் ஒருவரையொருவர் கவனிக்கத் தொடங்கியதே இதற்குப் பிறகுதான்.

அதற்கு உதவியது சொசைட்டி வழக்கம்தான். பால் அளப்பதுபோல் காலை ஒன்று, மாலை ஒன்று என ஒரு நீள நோட்டில் பதிவு: எங்கே போனேன், யாருக்கு என்ன சொன்னேன், எவ்வளவு பணம் எடுத்தேன். யார் இருந்தாலும் எழுத வேண்டும். உள்ளே இருப்பவர்களில் சின்னவள் எழுதமாட்டாள், பசுமாடு வரைந்து வைப்பாள். மலையாளம் பேசுகிற கோபக்காரி எழுதுவது பாதி என்னைத் திட்டுவதாகவே இருக்கும். இருந்தாலும் தொகையில் அவள் தப்பு விட்டதில்லை.

மாத்திரை விஷயத்தில் மட்டும் நோட்டு போதவில்லை. ஒரு நாள் இரவு அந்தக் கோபக்காரி என் மாமியாரிடம் "மருந்து கழிச்சு" என்றிருக்கிறாள். மலையாளத்தில் அதற்கு மருந்து சாப்பிட்டாயிற்று என்று பொருள். உடுமலைப் பக்கத்திலிருந்து வந்த என் அத்தைக்கோ மருந்தை வீசிவிட்டாள் என்று கேட்டிருக்கிறது. இன்னொரு வேளை மருந்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார். மறுநாள் பத்து மணிவரை எழவில்லை. அதன் பிறகு கிழமைவாரியாக அறை உள்ள மாத்திரைப் பெட்டி வாங்கினோம். அறை காலியாக இருந்தால் சாப்பிட்டாயிற்று, எந்த மொழியிலும் விளக்கம் தேவையில்லை. இந்த நோயையே நேராகத் தீர்க்கும் மாத்திரை கிடையாது. எனக்குத் தருவது தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும். சிகிச்சை என்பது பேச்சுவழி, ஆண்டுக்கணக்கில் நடப்பது. 2020 ஊரடங்கில் கேரள-தமிழ்நாடு எல்லை அடைபட்டபோது அது போனில் நடந்தது.

எங்கள் ஊரில் மார்கழி, தை மாதங்களில் கணவாய் வழியாக வீசும் கிழக்குக் காற்று கதவை அறைந்து சாத்தும். அந்தச் சத்தத்தில் நான் போய் வேறொருத்தி வந்துவிடுவாள். அதனால் எல்லாக் கதவுக்கும் கல் வைத்திருக்கிறோம். உங்கள் தங்கைக்கும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். காரணத்தைத் தோண்டாமல் அதைமட்டும் கண்டுபிடித்து ஒதுக்கிவைத்தாலே பாதி நாள் நல்லபடியாகப் போகும்.

பேய் பிடித்திருக்கிறது என்பவர்களும் வருவார்கள். எங்களுக்கு எல்லையின் இருபுறமும் ஆள் உண்டு, இங்கே கேரளத்தில் 'பாத' என்பார்கள், அங்கே தமிழ்நாட்டில் 'காத்து' என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 கையேட்டிலேயே சில சமூகங்களில் இந்நோய் வேறொருவர் உடலில் புகுந்ததுபோல உணரப்படலாம் என்றும், சமயச் சடங்கில் ஊர் ஏற்கும் அருள் நோயாகாது என்றும் இருக்கிறது. என் அத்தை அதைப் படித்ததில்லை. "கோயில் கம்பத்துக்கு முன்னால வந்தா சாமி, கண்ணு, பால் சொசைட்டியில வந்தா ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும்" என்று சொல்லி, வேப்பிலை அடிக்க வந்தவரைத் திருப்பி அனுப்பியவர் அவர்தான்.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம், நமக்காகப் பேச ஒருவரையும் நியமிக்கலாம். நான் கணவரை நியமித்திருக்கிறேன். உங்கள் தங்கை தெளிவாக இருக்கும்போது இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

நீங்கள் நடந்துகொள்ளும் முறை பற்றி: "இப்போது யார் பேசுவது?" என்று ஓயாமல் கேட்காதீர்கள். என் கணவர் "சாப்பிட்டாச்சா?" என்றுதான் கேட்பார். நான் திருதிருவென விழிப்பதைப் பார்த்தால் கிழமையையும் நேரத்தையும் பேச்சோடு பேச்சாகச் சொல்லிவிடுவார், "நினைவிருக்கிறதா?" என்று பரீட்சை வைக்கமாட்டார். நள்ளிரவில் உங்களாலும் சமாளிக்க முடியாமல் போனால் 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழையுங்கள், தமிழில் பேசலாம். அந்த எண்ணை எங்கள் நோட்டின் அட்டையில், இரண்டு மொழியிலும், ஒட்டி வைத்திருக்கிறோம்.