டின் ரெகுலேட்டரை யோக் வால்வில் பொருத்துவது குறித்து

வணக்கம். கோத்தகிரியிலிருந்து எழுதியுள்ள நீங்கள், பழையதாக வாங்கிய ஸ்கூபா ரெகுலேட்டரின் (நீருக்கடியில் மூச்சுவிட சிலிண்டரில் பொருத்தும் கருவி) முனையில் மரைகள் இருப்பதாகவும், புதுச்சேரியில் உங்களுக்குத் தரப்போகும் சிலிண்டர்கள் யோக் வகை (ரெகுலேட்டரின் வளையம் வால்வைச் சுற்றிப் பிடித்து இறுக்கும் வகை) என்று சொல்லப்பட்டதாகவும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். உங்களிடம் இருப்பது டின் (DIN) வகை, அதாவது வால்வுக்குள் திருகிப் பொருத்துவது. அதை வாங்கியதில் தவறே இல்லை.

யோக் முறையில், காற்று கசியாமல் அடைக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் சிலிண்டர் வால்வின் முகத்திலுள்ள வட்டப் பள்ளத்தில் அமர்ந்திருக்கும். நம் வீட்டு காஸ் சிலிண்டரின் வாய்க்குள் இருக்கும் ரப்பர் வளையம் போல. டின் முறையில் அது ரெகுலேட்டரின் முனையிலேயே இருக்கும். மரைகள் வால்வுக்குள் முழுதாக இறங்கி வளையத்தை உள்ளேயே அடைத்துவிடுவதால், அது பிதுங்கி வெளியேற வழியில்லை. அதனால்தான் எனக்கு டின் மீது நம்பிக்கை அதிகம்.

அந்த வால்வின் படத்தை முதலில் கேட்டு வாங்குங்கள். காற்று வரும் துளை அறுகோண வடிவில் இருந்தால், அது பெரும்பாலும் யோக் ரெகுலேட்டர் பொருந்துவதற்காக டின் வால்வுக்குள் திருகிய செருகாகத்தான் இருக்கும். வால்வை மூடிய நிலையில் அங்குள்ளவர்களே அதை அலன் கீயால் கழற்றித் தருவார்கள். உங்கள் ரெகுலேட்டர் நேரடியாகப் பொருந்திவிடும். செருகு இல்லையென்றால் டின்னிலிருந்து யோக்குக்கு மாற்றும் அடாப்டர் தேவை; அதைப் போட்டால் ரெகுலேட்டர் தலைப் பக்கமாகச் சற்று நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால் தலை இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மரைகளையும் எண்ணிப் பாருங்கள். 5 என்றால் 200 பார் (காற்றழுத்த அளவு) வகை, 300 பார் வால்வில் அது அடைக்காது. 7 என்றால் இரண்டிலும் பொருந்தும். ஓ-ரிங்கில் மயிரிழை வெடிப்பு தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். ஆனால் குன்னூர் பிளம்பிங் கடை வளையத்தைத் தயவுசெய்து போடாதீர்கள்.