மேடையில் வாசிக்கும்போது கை நடுங்குகிறது. பொழுதுபோக்காக இசை பயில்பவர் மேடை அச்சத்தை எப்படிச் சமாளிப்பது?

வீட்டில் தடையின்றி வரும் கீர்த்தனை ஆலய மேடையில் தடுமாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பயம் விலகிய பிறகுதான் மேடையேற வேண்டும் என்ற எண்ணத்தை முதலில் கைவிடுங்கள். பயத்தோடு வாசிக்கக் கையைப் பழக்குவதே நடைமுறையில் பலன் தருகிறது. பகலில் செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக (எழுத்தராக) இருக்கும் நான், மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்து ஆலயங்களில் நவராத்திரிக்கும் திருவிழாவுக்கும் வயலின் வாசித்து வருகிறேன். பெயரை அறிவிக்கும்போது இன்றும் என் நெஞ்சு படபடக்கிறது. உலகமே போற்றிய செல்லோ கலைஞர் பாப்லோ காசல்ஸும் வாழ்நாள் முழுவதும் இந்த அச்சத்தோடுதான் மேடையேறினார்.

உடலில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால், எதைப் பயில வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஆபத்து நெருங்கியதாக மூளை எடுத்துக்கொண்டதும் அட்ரினலின் சுரந்து, இதயத் துடிப்பு கூடி, தோலில் உள்ள ரத்தக் குழாய்கள் சுருங்குவதால், நம் ஊர்ப் புழுக்கத்திலும் விரல் நுனிகள் சில்லிட்டுப் போகின்றன. உள்ளங்கை வியர்க்கிறது, நா வறள்கிறது. வயலினில் இது வில் பிடித்த கையில்தான் முதலில் வெளிப்படும். துரித காலத்தில் நடுக்கம் அவ்வளவாகத் தெரியாது; ஒரே சுரத்தில் நின்று வில்லை மெல்ல இழுக்கும்போதுதான், அதன் நடுப்பகுதி தந்தியின்மீது துள்ளி, நாதம் விட்டு விட்டுக் கேட்கும். ஆகவே இப்படி நீண்டு நிற்கும் சுரங்களான கார்வைகள் நிறைந்த ஆலாபனையோடு நான் ஒருபோதும் தொடங்குவதில்லை. கர்நாடக இசைப் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையில் வர்ணம் என்னும் உருப்படி முதலில் வருவது நம் போன்றோருக்குப் பெரும் துணை. கையில் ஊறிப்போன வர்ணம் ஒன்று, விரல்கள் சூடேறி மூச்சு நிலைக்கு வரும்வரை நம்மைத் தாங்கிச் செல்லும்.

பயிற்சியின்போதே படபடப்பை வரவழைத்துப் பாருங்கள். தாமானை (குடியிருப்புப் பகுதியை) ஒரு சுற்று வேகமாக ஓடிவந்து, இதயம் அடித்துக்கொண்டிருக்கும்போதே தரையில் அமர்ந்து வில்லை எடுத்து, கைப்பேசியில் பதிவு செய்தபடி, பிசகினாலும் நிறுத்தாமல் உருப்படியை முடியுங்கள். பாட்டின் முதல் பகுதியான பல்லவியிலிருந்து மட்டுமே தொடங்கத் தெரிந்த கைக்கு நடுவில் மறதி வந்தால் போக்கிடம் இல்லை. அனுபல்லவி, சரணம், சரணத்தின் பின்பாதி என எங்கிருந்து கேட்டாலும் எடுக்கப் பழகியிருந்தால், மிருதங்கக்காரர் தாளத்தை விடாமல் கொண்டுபோகும் அந்த இடைவெளியில் அடுத்த எடுப்பில் சேர்ந்துகொள்ளலாம். இதை அவரிடம் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்வது அவசியம்.

தோட்டப்புற ஊர்களில் இன்னொரு சங்கடம் உண்டு. ரப்பர் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களை விட்டுத் தாமான்களுக்குக் குடிவந்த பிறகும் அதே ஆலயத்தில்தான் கூடுகிறோம். எதிரே பாயில் அமர்ந்திருக்கும் அத்தைமாரும் பெரியப்பாமாரும் நம்மைச் சிறு வயதிலிருந்து அறிந்தவர்கள். அந்நியர் முன் வாசிப்பதைவிட அது கடினம் என்றே நான் கருதுகிறேன். ஆனால் அவர்களே நமக்குச் சிறு மேடைகளையும் தருகிறார்கள். வெள்ளிக்கிழமைப் பஜனையில் பாடுபவருக்குப் பின்னால் அமர்ந்து வாசிக்க நிர்வாகத்திடம் கேளுங்கள். எல்லார் கண்ணும் உங்கள்மீது இல்லாத அந்த இடத்தில் பழகிவிட்டு, பிறகு தனியாக ஒரே ஓர் உருப்படி வாசியுங்கள்.

மேடைக்குப் பின்னால் காத்திருக்கும்போது, உள்ளிழுப்பதைவிட வெளிவிடும் மூச்சை நீளமாக்கினால் துடிப்பு தணியும். "அமைதியாக இரு" என்று மனத்தை அதட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 2014இல் ஹார்வர்டு வணிகப் பள்ளியின் அலிசன் உட் புரூக்ஸ் வெளியிட்ட ஆய்வில், கரோக்கே பாடுவதற்கு முன் "உற்சாகமாக இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொன்னவர்கள், "பதற்றமாக இருக்கிறேன்" என்று சொன்னவர்களைவிடப் பிசகில்லாமல் பாடினார்கள்.

நடுக்கத்தை அடக்கப் புரோப்ரனலால் மாத்திரை போடும் கலைஞர்கள் உண்டு. அது இதயத் துடிப்பைக் குறைக்கும் மருந்து. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தாகலாம். மருத்துவர் பார்த்துத் தராமல், நண்பர் கொடுத்தார் என்று வாங்கி விழுங்காதீர்கள்.

வாசித்து முடித்த இரவே உங்களை எடைபோடவும் வேண்டாம். படபடப்பு அடங்காத உடலுக்குச் சிறு பிசகும் பெரிதாகவே தோன்றும். பதிவை மறுநாள் கேட்டு, வில் எந்த இடத்தில் துள்ளியது என்று குறித்து வைத்துக்கொண்டு, அந்த அடியிலிருந்தே அடுத்த பயிற்சியைத் தொடங்குங்கள்.