காணித் தரகருக்கு உதவிக்கு ஆள்: எப்போது கட்டுப்படியாகும்?

கேள்வி: கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். ஐந்து வருடமாகக் காணித் தரகு வேலை. போன வருடம் 12 உறுதி (காணி விற்பனைப் பத்திரம்) முடித்ததில் 27 இலட்சம் ரூபா வந்தது. பெற்றோல், போன், விளம்பரம் என்று மாதம் 35,000 போகும். வீட்டுச் செலவு 1,10,000. நாலு மாதம் ஒரு சதமும் வரவில்லை. காணி காட்டி ஓடுவதிலேயே நாள் முடிந்துவிடுகிறது. நேரமில்லாமல் இரண்டு கனடாப் பார்ட்டி கைவிட்டுப் போய்விட்டது. மச்சானின் மகன் 45,000 சம்பளத்துக்கு வரத் தயார். வைக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஆள் தேவைப்படாது என்று சொல்லவில்லை, இன்னும் தேவைப்படவில்லை என்கிறேன்.

முதலில் சம்பளக் கணக்கைச் சரியாகப் போடுவோம். 45,000 என்பது அவர் கேட்ட தொகை, உங்கள் செலவு அது அல்ல. முதலாளி பங்காக ஊழியர் சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் கட்ட வேண்டும். அது 6,750. (அவருடைய 8 வீதத்தை அவர் சம்பளத்தில் இருந்தே கழித்துக் கட்டுவீர்கள்.) மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலும் போன் காசும் 10,000 என்று வையுங்கள். மாதம் 61,750, வருடத்துக்கு 7,41,000. உங்களுக்கோ எல்லாச் செலவும் போக வருடத்தில் மிஞ்சுவது 9,60,000. கடதாசியில் இது சமாளிக்கக்கூடியதாகத் தெரியும். ஆனால் உங்கள் காசு உறுதி எழுதும் நாளில்தான் வரும், அவருடைய சம்பளமோ மாதா மாதம் போகும். காசு வராத அந்த நாலு மாதத்துக்கு மட்டும் 2,47,000 கையில் இருக்க வேண்டும்.

இன்னொரு பக்கமாகவும் பாருங்கள். ஒரு உறுதிக்கு உங்களுக்குச் சராசரியாக 2,25,000 கிடைக்கிறது. ஆளின் செலவை மீட்கவே வருடத்துக்கு நாலு உறுதி கூடுதலாக முடிய வேண்டும். நேரமில்லாமல் நீங்கள் விட்டதோ இரண்டு. அந்த இரண்டும் எப்படியும் முடிந்திருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

நான் உங்களிடம் கேட்க நினைப்பது வேறு. அந்த 12 உறுதிக்கு மொத்தம் எத்தனை காணி காட்டினீர்கள்? அவற்றில் எத்தனை உண்மையில் விற்கக்கூடிய காணி? யாழ்ப்பாணத்தில் தரகரின் நேரத்தைத் தின்பது வாங்குபவர் அல்ல, உறுதிதான். பிரிக்காத பங்குக் காணி என்றால் யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமைப்படி மற்றப் பங்காளிகளுக்கு முதலில் வாங்கும் உரிமை உண்டு. ஒரு பங்காளி இலண்டனில் இருந்துகொண்டு பேசாமல் இருந்தால் போதும், ஐந்து பரப்புக் காணியும் கிடப்பில் போய்விடும். அற்றோணித் தத்துவம் (சொந்தக்காரருக்குப் பதிலாகச் செயற்பட எழுதிக் கொடுத்த அதிகாரம்) வைத்திருப்பதாகச் சொல்பவரிடம் அது விற்கும் அதிகாரத்தோடு இருக்கிறதா, பார்த்துக்கொள்ளும் அதிகாரம் மட்டுமா என்று பார்க்காமலே ஆட்களைக் கூட்டிப் போகிறோம். இப்படிப்பட்ட காணிகளுக்கு ஓட ஆள் வைத்தால் வீண் ஓட்டம் இரட்டிப்பாகும், அவ்வளவுதான்.

அதனால் இனி எந்தக் காணியையும் தோம்பு (காணிப் பதிவேடு) பார்க்காமல் காட்டாதீர்கள். உறுதியின் பிரதி, நில அளவைப் படம், சோலைவரி (உள்ளூராட்சிச் சபைக்குக் கட்டும் ஆதன வரி) பற்றுச்சீட்டு மூன்றையும் தராத சொந்தக்காரரைப் பட்டியலில் சேர்க்க வேண்டாம். சிலர் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். கூடவே ஒரு கொப்பியில் நாலு கிழமைக்கு, எந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம் போனது என்று எழுதுங்கள். கனடா அழைப்புகளையும் சேர்த்துத்தான். கோடையில் டொரோன்டோவில் இரவு எட்டு மணி என்றால் நமக்கு விடியற்காலை ஐந்தரை, அதுவும் வேலை நேரம்தான்.

இதற்குப் பிறகும் வேலை வழிந்தால், நிரந்தர ஆளுக்கு முன் பருவ ஆளைப் பிடியுங்கள். நல்லூர்த் திருவிழாவை ஒட்டி வெளிநாட்டுக்காரர் வந்து இறங்குவார்கள். ஆடியில் பலர் பார்ப்பதோடு நிற்பார்கள், உறுதி ஆவணியில்தான். அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு மட்டும் காணி காட்டவும், கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகம்) மாநகர சபைக்கும் போய்வரவும் ஒருவர் போதும். தற்காலிக ஆளானாலும் சேமலாப நிதி உண்டு என்பதை மறக்க வேண்டாம். விலை பேசுவதையும் உறுதி பார்ப்பதையும் மட்டும் யாரிடமும் விடாதீர்கள்.

நிரந்தரமாக ஆள் வைக்க நான் சொல்லும் அளவு இது: தனி வங்கிக் கணக்கில் ஆறு மாதச் செலவு, அதாவது 3,70,500 ரூபா, சேர்ந்திருக்க வேண்டும். கொப்பியில் கிழமைக்கு 20 மணித்தியாலமாவது இன்னொருவர் செய்யக்கூடிய வேலையாக இருக்க வேண்டும். உறுதி சுத்தமான காணிக்கு வந்த நாலு பேரையாவது நேரமில்லாமல் இழந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தரகுக் காசிலும் பத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால், போன வருட வேகத்தில் ஒன்றரை வருடத்துக்குள் அந்தக் காசு சேர்ந்துவிடும்.

சம்பளம் வேண்டாம், பங்கு கொடுத்தால் போதும் என்று பெடியன் சொன்னால் உச்சி குளிர வேண்டாம். வருமானம் முழுக்கப் பங்கில்தான் என்றால், ஒரு வருடத்தில் உங்கள் தொலைபேசி இலக்கங்களோடு கொக்குவிலில் இன்னொரு தரகர் இருப்பார். சம்பளத்தோடு, முடியும் உறுதிக்குச் சிறிய ஊக்கத்தொகை கொடுப்பது நல்லது.

மச்சானின் மகன் என்பதுதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. சொந்தத்தை வேலைக்கு எடுப்பது சுகம், நிறுத்துவதுதான் கஷ்டம். எடுப்பதாக இருந்தால் முதல் மூன்று மாதம் பரீட்சார்த்தம் என்று நியமனக் கடிதத்தில் எழுதுங்கள். அதைப் பெடியனிடம் கொடுப்பதற்கு முன் மச்சானிடம் வாசித்துக் காட்டிவிடுங்கள்.