புகையிலையைப் புகைக்காமல் வாயில் அடக்கினாலும் புற்றுநோய் வருமா?

வரும். தாராவியில் இரவு ஷிப்டுக்குக் கைனி (சுண்ணாம்பு சேர்த்த புகையிலை) அடக்கும் நம்மவர்கள் பலர், புகை இல்லையே என்று நம்பியிருக்கிறார்கள்.

வாய்ப்புற்றுநோய் என்பது கன்னத்தின் உட்புறம், நாக்கு, ஈறு ஆகியவற்றின் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவது. புகையிலையைப் பதப்படுத்தும்போதே நைட்ரோசமைன் என்ற நச்சு உருவாகிவிடுகிறது, எரிக்கவே வேண்டாம். கூடச் சேரும் சுண்ணாம்பு வாயின் மென்தோலைப் புண்ணாக்குகிறது. அலுமினியப் பாத்திரத்தில் ஊறுகாய் பட்ட இடத்தையே அரிக்குமே, அதுபோல வழக்கமாக அடக்கும் பக்கத்தில்தான் பெரும்பாலும் கோளாறு தொடங்கும்.

வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, 2 வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரல் நுழையாதபடி இறுகிய வாய்: ஒன்று இருந்தாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். வலி வரட்டும் என்று தயவுசெய்து காத்திருக்காதீர்கள். ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது.

புகையிலை கலக்காத வெறும் பாக்கு பரவாயில்லை என்பதும் தவறு. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும்.